புரட்டாசிச் சைவம் போதுமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் போளூர் கடைத்தெருவின் போக்கே மாறிவிடும். கறிக்கடையில் கூட்டம் குறையும். காய்கறிக் கடையில் கூட்டம் கூடும். சம்பத்கிரி மலைமேல் இருக்கும் நரசிம்மருக்குச் சனிக்கிழமை விரதம். வீட்டில் தளிகை. மற்ற மாதங்களில் ஞாயிறு தவறாமல் கறி எடுக்கும் குடும்பங்கள்கூட, இந்த ஒரு மாதம் கவிச்சி வாசனையே இல்லாமல் இருந்துவிடுகின்றன.

இதனால் யாரும் மெலிந்து போய்விடவில்லை. தறிக்காரர் வழக்கம்போல் தறியில் உட்காருகிறார். கழனிக்குப் போகிறவர் கழனிக்குப் போகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஒரு மாதம் முடிகிறது என்றால், ஆண்டு முழுவதும் முடியாதா? முடிந்தால் உடம்புக்கு என்ன லாபம்? முன்பெல்லாம் இந்தக் கேள்வியைச் சாமியார்களும் சமயப் பெரியவர்களும் கேட்டார்கள். இப்போது டாக்டர்கள் கேட்கிறார்கள்.

வாரத்தில் ஒரு நாள் கணக்கு

தமிழ்நாடு மாமிசம் உண்ணும் நாடு. அதில் சந்தேகம் இல்லை. இந்திய அரசாங்கம் 2014-ஆம் ஆண்டு எடுத்த ஒரு கணக்கில், தமிழ்நாட்டில் 15 வயது நிரம்பியவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள் என்று தெரிய வந்தது. சைவ ஓட்டல்களுக்குப் பெயர் போன மாநிலத்தில் இப்படி ஒரு கணக்கா என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள்.

ஆனால், எவ்வளவு உண்கிறார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 கிராம். எலும்பு நீங்கலாகப் பார்த்தால் இன்னும் குறைவு. எலும்பைக் கழிக்காமல் கணக்கிட்டாலும் அதில் கிடைக்கும் புரதம் சுமார் 20 கிராம். புரதம் என்பது சதை வளரவும், தேய்ந்த உறுப்பு சீர்ப்படவும் வேண்டிய சத்து. நல்ல உடற்கட்டுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். அப்படியானால் ஓர் ஆணுக்கு வாரத்துக்கு 378 கிராம் வேண்டும். அதில் ஞாயிற்றுக்கிழமைக் கறி தந்தது 20 கிராம்!

மீதி எங்கிருந்து வருகிறது? சோற்றிலிருந்தும், பருப்பிலிருந்தும், பாலிலிருந்தும்தான். நடுவில் ஒரு முட்டையோ, ஒரு துண்டு கருவாடோ இருந்தாலும் கணக்கு அதிகம் மாறாது. கறி உண்ணும் குடும்பம் என்று பெயர் இருந்தாலும், வாரத்தில் ஆறு நாள் அது சைவக் குடும்பம்தான்.

இன்னொரு கணக்கும் இதற்குச் சாட்சி. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச் சத்து மாமிசத்தில் உண்டு. மாநிலத்தில் ஏறக்குறைய எல்லோரும் மாமிசம் உண்கிறவர்கள். அப்படியும் பாதிப் பெண்களுக்குமேல் இரத்தம் குறைவு! பெயருக்கு உண்ணும் கறி இரத்தத்துக்குப் போதவில்லை. வீட்டில் கறி சமைக்கும் நாளில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு, அம்மாவின் தட்டில் குழம்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திருமலை அடிவாரத்தில்

ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. போளூருக்கும் ஆரணிக்கும் இடையில், வடமாதிமங்கலம் பக்கத்தில் இருக்கிறது திருமலை. மலையில் 16 அடி உயரத்தில் நேமிநாதர் சிலை நிற்கிறது. குந்தவையின் பெயரால் வழங்கும் ஜைனக் கோயிலும் இங்கே உண்டு. ராஜேந்திர சோழன் கங்கை வரை வென்ற நாடுகளைப் பட்டியல் போட்டுச் சொல்லும் கல்வெட்டு, இந்தத் திருமலையில்தான் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் தமிழ் ஜைனர்கள் வாழ்கிறார்கள். ஊரில் நயினார் என்று சொல்வார்கள். இவர்கள் வடநாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் அல்ல. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பெரும்பாலும் உழவர்கள். ஏர் பிடித்தவர்கள், களம் அடித்தவர்கள். நூற்றாண்டுக் கணக்கில் மாமிசம் தொடாமல், வெயிலில் நின்று உழைத்து வந்திருக்கிறார்கள். "கறி தின்னாவிட்டால் மண்வெட்டி பிடிக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

அவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவது. விளக்கு வைத்த பிறகு உண்டால் பூச்சி, புழு உணவில் விழும். தெரியாமல் உயிர்க்கொலை ஆகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இன்றைய டாக்டர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். இரவு நேரங்கழித்து வயிறு நிறைய உண்டு உடனே படுத்தால், இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடம்பில் கொழுப்புச் சேர்கிறது. காரணம் வேறு, பழக்கம் ஒன்று.

புலால் உண்ணாமையைத் தமிழ்நாட்டில் சொன்னவர்கள் ஜைனர்கள் மட்டும் அல்ல. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலை தொடங்கி, அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே போடுவது சைவச் சாப்பாடுதான். ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மாமிசம் இல்லாத உணவுக்குச் 'சைவம்' என்று தமிழில் பெயர். ஆனால் சிவபெருமானுக்கே பன்றிக் கறி படைத்த கண்ணப்பரும் சைவ நாயன்மார்தான்!

டாக்டர்கள் சொல்வது என்ன?

2015-ஆம் ஆண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று அது தீர்ப்புச் சொன்னது. தினமும் 50 கிராம் அப்படிப்பட்ட இறைச்சி உண்டால், பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 100-க்கு 18 பங்கு கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியை 'ஒருவேளை உண்டாக்கக்கூடும்' என்ற அடுத்த வரிசையில் வைத்தார்கள். மேல்நாட்டுக்காரர் தினம் உண்கிறார். போளூர்க்காரர் வாரம் ஒரு முறை உண்கிறார். பயம் இரண்டு பேருக்கும் ஒரே அளவு அல்ல. ஆனால் பெட்டியில் அடைத்து விற்கும் இறைச்சிப் பண்டங்கள் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருதயத்தைப் பற்றி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். சுமார் 48 ஆயிரம் பேரை 18 ஆண்டுகள் கவனித்து, 2019-இல் முடிவைச் சொன்னார்கள். மாமிசம் உண்பவர்களைவிடச் சைவ உணவுக்காரர்களுக்கு மாரடைப்பு முதலிய இருதய வியாதி 100-க்கு 22 பங்கு குறைவு. இது பெரிய நன்மை. ஆனால் அதே ஆராய்ச்சியில், மூளையில் இரத்தம் கசிந்தோ அடைத்தோ வரும் பக்கவாதம் சைவ உணவுக்காரர்களுக்கு 100-க்கு 20 பங்கு அதிகமாகக் காணப்பட்டது. சில சத்துகள் குறைந்து போனது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். சைவம் பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். மாமிசம் பேசுகிறவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் சொல்வார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

மாமிசத்தை விட்டவுடனே உடம்பு நன்றாகிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. விட்ட இடத்தில் எதை வைக்கிறோம்? அதில்தான் நன்மை இருக்கிறது. இங்கிலாந்துச் சைவக்காரரின் தட்டில் அவரை வகையும், கொட்டை வகையும், காய்கறியும் நிறைய இருக்கும். நம் ஊர்ச் சைவத் தட்டில் மலைபோல் சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு அப்பளம். மாலையில் பஜ்ஜி. இரண்டுக்கும் பெயர் சைவம். பலன் ஒன்றாக இருக்குமா?

களம்பூர் அரிசியும் சர்க்கரை வியாதியும்

களம்பூர், ஆரணி என்றால் அரிசி ஆலைகள் நினைவுக்கு வரும். இங்கிருந்து போகும் பொன்னி அரிசிக்குச் சென்னையிலும் வெளியூர்களிலும் நல்ல பெயர். வெள்ளை வெளேர் என்று, மல்லிகைப் பூப்போல் சோறு வரும். அந்த வெண்மைக்காகத் தவிட்டை முழுவதும் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். தவிட்டோடு நார்ச்சத்தும் வைட்டமின்களும் போய்விடுகின்றன. நார்ச்சத்து போனால் சோறு சீக்கிரம் ஜீரணமாகி, சர்க்கரை வேகமாக இரத்தத்தில் ஏறும்.

முன்பு அந்தச் சர்க்கரையைக் கழனி வேலை எரித்துவிட்டது. இன்று பட்டு நெய்பவர் காலை முதல் மாலை வரை குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறார். காலும் கையும் ஓடுகின்றன. இடுப்பு ஓரிடத்தில் இருக்கிறது. வண்டியில் போகிறவர் நடப்பதே இல்லை. சோற்றின் அளவு மட்டும் பாட்டன் காலத்து அளவு.

விளைவு? 2023-இல் வெளிவந்த கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவு வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் மேலும் 13 கோடிப் பேருக்கு மேல்.

2025-இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதாவது அரிசி, கோதுமை, சர்க்கரை. புரதத்திலிருந்து வருவது 12 பங்குதான். மாவுச்சத்தில் 5 பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு வகையையோ, பால் வகையையோ, முட்டையையோ, மீனையோ வைத்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு குறைகிறது என்று கண்டார்கள். ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சிக்கு அந்தப் பலன் காணப்படவில்லை.

அந்த ஆராய்ச்சி இன்னொன்றும் சொன்னது. அரிசிக்குப் பதில் கோதுமை என்றோ, சிறுதானியம் என்றோ மாற்றினால் மட்டும் போதாது. மொத்த அளவு குறைய வேண்டும். போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலையில் விளையும் சாமை நல்ல தானியம்தான். நார்ச்சத்து உள்ளது. ஆனால் சாமைதானே என்று இரண்டு தட்டு உண்டால் அரிசிச் சோறு உண்ட கதைதான்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் சத்து

2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைய உணவுக்கு அளவு வகுத்தது. அதைச் சைவக் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். தானியம் 250 கிராம். பருப்பும் பயறும் 85 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம். பழம் 100 கிராம். பால் 300 மில்லி. வேர்க்கடலை போன்ற கொட்டை வகை 35 கிராம்.

இதில் புரதம் எவ்வளவு? பருப்பில் சுமார் 19 கிராம். வேர்க்கடலையில் 9. பாலில் 10. தானியத்தில் 19. மொத்தம் 57 கிராம் ஆகிறது. ஆணுக்கு வேண்டியது 54 என்று மேலே பார்த்தோம். ஒரு துண்டு கறி இல்லாமலே கணக்கு நேராகிவிட்டது.

பருப்பையும் அரிசியையும் சேர்த்து உண்பதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் குறைவான பாகம் பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. சாம்பார் சாதமும், பொங்கலும், இட்லியும் கண்டுபிடித்த பாட்டிமார்களுக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் கணக்குச் சரியாக இருக்கிறது.

வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் மணிலாக்கொட்டை என்பார்கள், மல்லாட்டை என்பார்கள். திருவண்ணாமலை ஜில்லாவின் செம்மண் பூமியில் நன்றாக விளைவது. 100 கிராமில் 25 கிராம் புரதம். எடைக்கு எடை பார்த்தால் கறியைவிட அதிகம். ஆனால் விளைவதில் பெரும் பங்கு செக்குக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்குக் கடையில் பாக்கெட் முறுக்கு வாங்கித் தருகிறார்கள். வேகவைத்த மல்லாட்டை ஒரு கை கொடுத்தால் செலவும் குறைவு, சத்தும் அதிகம். பூஞ்சணம் பிடித்த கொட்டையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் ஈரலைக் கெடுக்கும் விஷம் உண்டு.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பாலில் 120 அளவுதான். கொல்லை முருங்கைக் கீரையிலும் 300-க்கு மேல். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழை மற்ற மாதங்களிலும் வீட்டில் காய்ச்சலாம்.

பணக் கணக்கும் உண்டு. ஒரு கிலோ ஆட்டுக்கறி விலையில் நாலைந்து கிலோ துவரம் பருப்பு வாங்கலாம். ரேஷன் கடையில் கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய் என்ற திட்டம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஏழைக் குடும்பத்தின் புரதத்தைக் கறிக்கடையைவிட ரேஷன் கடைதான் அதிகம் தாங்குகிறது.

காந்திஜிக்கு நேர்ந்தது

சைவத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

காந்திஜி 1912-இல் பால் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். மாட்டைப் பிழிந்து எடுப்பது பாவம் என்று நினைத்தார். பழமும் கொட்டையும் போதும் என்று நம்பினார். 1918-இல் கடும் நோயில் விழுந்தார். உடம்பு தேறவே இல்லை. கடைசியில், விரதம் பசுவுக்கும் எருமைக்கும்தான் என்று சமாதானம் செய்துகொண்டு ஆட்டுப்பால் குடித்தார். பிறகுதான் பலம் வந்தது. தம் மனசாட்சிக்கு அது உறுத்தலாகவே இருந்தது என்று அவரே எழுதினார்.

காந்திஜி படுத்திருந்த காலத்தில் பி-12 என்ற வைட்டமின் யாருக்கும் தெரியாது. 1948-இல்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது இறைச்சி, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் இருக்கிறது. செடி கொடிகளில் நம்பும்படியாக இல்லை. அது குறைந்தால் இரத்தசோகை வரும். கை கால் மரத்துப் போகும். மறதி வரும். வயதானவர்கள் இதை 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். மாத்திரையும் ஊசியும் உண்டு. சைவமாக இருப்பவர்கள் பாலையும் தயிரையும் விடக் கூடாது. அவற்றையும் விடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

இரும்புச் சத்தும் அப்படித்தான். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேராது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. தறிவேலை நடக்கும் ஊர்களில் சாப்பாட்டுக்கும் டீக்கும் இடைவெளியே இருப்பதில்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

முட்டைக்குப் பதில் வாழைப்பழம்

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். காமராஜர் காலத்தில், 1956-இல் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதை விரித்தார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. பிறகு பள்ளி நாள்தோறும் முட்டை என்று ஆனது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

வாழைப்பழம் நல்ல பழம். ஆனால் முட்டைக்கு ஈடு அல்ல. ஒரு முட்டையில் புரதம் 6 கிராம். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய ஒரு கிராம். சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு பள்ளி நாளும் 5 கிராம் குறைகிறது. பழத்துக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு கை வறுத்த மல்லாட்டையோ கொடுத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். பள்ளியில் கொடுக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாலையில் வீடு திரும்பிய பிள்ளைக்கு அம்மா கொடுக்கலாம்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம் முழுக்கச் சைவம். உப்புமா, கிச்சடி, பொங்கல், அதோடு காய்கறிச் சாம்பார். அதில் ஒரு பிள்ளைக்கு அரிசியோ, ரவையோ, சிறுதானியமோ 50 கிராம். சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஹைதராபாத் நிறுவனம் பெரியவர்களுக்குச் சொன்னதும் அதே அளவுதான்: 250-க்கு 85.

இந்த அளவை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். நாலு பேருக்கு 400 கிராம் அரிசி உலையில் போட்டால், பருப்பு 120 கிராம் வேக வேண்டும். ஓர் ஆழாக்குக்குச் சற்றுக் குறைவு. பல வீடுகளில் சாம்பார் சட்டியில் விழுவது ஒரு பிடி.